மொஸ்கோவில் கண்ட விண்வெளி நூதனசாலை

மொஸ்கோ மாநகருக்குச் சென்று மீண்டவர்கள் கிரெம்ளின் மாளிகையையும் செஞ்சதுக்கத்தையும் பற்றி எழுதுவதே வழக்கம். அவற்றை நானுங் கண்டேன். ஆயினும் அவற்றைப் பற்றி என்னிலும் அழகாக எழுதியவர்கள் பலர். அவர்களோடு போட்டியிட எனக்கு விருப்பமில்லை. நான் சொல்லப் புகுவது, அந்நகரின் வடபாகத்தில் நிலத்துக்கடியிற் பாதி மறைந்து கிடக்கும் ஒரு நூதனசாலையைப் பற்றியாகும். விஞ்ஞானத்தில் உள்ள பற்று என்னை அங்கே இழுத்துச் சென்றதென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நான் தமிழாசிரியன். ஒரு பழைய கடன்தான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

2016 ஆம் ஆண்டில் ஒருநாள் எட்டாந் தரத்து விஞ்ஞான ஆசிரியர் வராதபடியால், அந்தப் பாடவேளைக்கு என்னை அனுப்பினார்கள். பிள்ளைகளை வாளா இருத்தி வைக்க மனம் வரவில்லை. விண்வெளிப் பிரயாணத்தைப் பற்றிச் சிறிது பேசினேன். மேலே போகப் போகப் புவியீர்ப்பு இல்லாமற் போய்விடும் என்றும், ஆகவேதான் விண்வெளி வீரர்கள் இலவம் பஞ்சுபோல மிதக்கிறார்கள் என்றும் சொன்னேன். பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"அப்ப சந்திரனை ஆர் சேர் பிடிச்சு வைச்சிருக்கிறது?" என்று கேட்டான்.

வகுப்புக் கொல்லென்று சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்; கேட்டு வந்து நாளைக்குச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "இரு. குழப்படி செய்யாதை" என்று அதட்டினேன். அவன் இருந்துவிட்டான். அதன் பின்னர் அந்த ஆண்டு முழுவதும், என் தமிழ்ப் பாடத்திற்கூட அவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. இருபது ஆண்டுக்குச் சமீபமாகச் சோக்கட்டி பிடித்தவனுக்கு அதன் பொருள் விளங்காமலா போகும்? உள்ளங்காலில் ஏறிய நாகதாளி முள்ளைப்போல அது என்னுடனே இருந்தது.

என் தமக்கையாரின் மகன் அப்போது மொஸ்கோவில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்தான். நாலாம் வருடம். 2019 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறைக்கு அவன் ஊருக்கு வராமல் அங்கேயே வைத்தியசாலையொன்றிற் பயிற்சிக்கு நின்றபடியால், அவனைப் பார்த்து வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அக்கா தந்துவிட்ட பனங்கட்டி, பருத்தித்துறை வடை, இரண்டு கிலோ மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு போய் இறங்கினேன். சுங்கத்து உத்தியோகத்தர் மிளகாய்த்தூளைச் சந்தேகத்துடன் முகர்ந்து பார்த்தார். அடுத்தடுத்து மூன்று தும்மல் தும்மினார். மறுபேச்சின்றி என்னைப் போக விட்டார்.

மறுநாட் காலை மருமகன் என்னை நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஏற்றினான். கிணற்றுக்குள் இறங்குவது போல நகரும் படிகளில் நின்று நின்று இறங்க வேண்டியிருந்தது. வேதென்ஹா என்னும் நிலையத்தில் வெளிப்பட்டு அண்ணாந்து பார்த்ததும் பேச்சற்று நின்றேன். புறப்பட்டுப் போகும் ரொக்கற்றின் பின்னே எழும் புகைத் தாரையை அப்படியே உலோகத்தில் உறையவைத்தது போன்ற ஒரு தூபி. அதன் நுனியிலே சிறியதொரு ரொக்கற். உயரம் 107 மீற்றர். நம்மூர்த் தென்னைகள் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் நுனியை எட்டுவது சந்தேகந்தான். மேனி முழுவதும் டைட்டேனியத் தகடு போர்த்தியிருப்பதால் துருவேறுவதில்லை. வெயில் சாயச் சாய நிறம் மாறுகிறது. 1964 ஆம் ஆண்டில் இது திறந்து வைக்கப்பட்டது. ககாரின் பறந்து இருபதாண்டு நிறைந்த 1981 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இதன் அடித்தளத்தினுள்ளே நூதனசாலையை அமைத்தார்கள்.

தூபியின் முன்னே கல்லில் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். அரசனோ தளபதியோ என்று நினைத்தேன். "இல்லை மாமா, இவரும் உங்களைப்போல ஒரு வாத்தியார்" என்றான் மருமகன். கொன்ஸ்தாந்தீன் சியோல்கோவ்ஸ்கி. 1857 இற் பிறந்து 1935 இல் மறைந்தவர். சிறுவயதிற் கண்ட காய்ச்சலினாற் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். அதனாலே ஒழுங்கான பள்ளிப் படிப்பையும் இழந்தவர். நூல் நிலையத்திலிருந்து தாமே கற்றுத் தேறி, கலூகா என்னும் சிற்றூரில் நெடுங்காலம் கணிதமும் பௌதிகமும் படிப்பித்தார். தகரத்தாற் செய்த குழலைக் காதில் வைத்துக்கொண்டே பிறர் சொல்வதைக் கேட்பாராம். விமானம் முதன்முதல் எழுந்து பறந்த அதே 1903 ஆம் ஆண்டில், திரவ எரிபொருளால் இயங்கும் ரொக்கற்றைக் கொண்டு பூமியை விட்டு வெளியேறலாம் என்பதைக் கணக்கிட்டுக் காட்டி அச்சிலே வெளியிட்டார். படித்தவர்கள் அதிகமில்லை. ஒரு சிற்றூர் ஆசிரியரின் கல்லுருவத்துக்கு மேலே நூறு மீற்றர் உயரத்துக்கு ஒரு நாடு தூபி எழுப்பியிருக்கக் கண்டபோது, ஆசிரியத் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் எனக்குச் சற்று நெஞ்சு நிமிர்ந்தது என்பதை மறைப்பானேன்?

உள்ளே நுழைந்ததும் ககாரினின் உருவம் எதிர்ப்படுகிறது. அவர் பெயர் இலங்கையருக்குப் புதியதன்று. பறந்த அதே 1961 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அவர் நமது நாட்டுக்கு வந்தார். என் தந்தையார் அப்போது கொழும்பில் இளம் எழுதுவினைஞர். சனத்திரளில் நின்று எட்டிப் பார்த்தவர். உலகம் வியந்த அந்த வீரரைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் சொல்லுவது ஒன்றுதான்: "ஆள் கட்டை. சிரிப்பு மட்டும் பெரிசு." அது உண்மை என்பதை இங்கே அறிந்தேன். வஸ்தோக் விண்கலத்தின் கோளம் 2.3 மீற்றர் விட்டமுடையது. அதற்குள்ளே ஆசனம், கருவிகள், உணவு, காற்று யாவும் அடங்கிய பின்னர் மனிதனுக்கு எஞ்சும் இடம் எவ்வளவு? ஏறத்தாழ ஐந்தடி இரண்டங்குல உயரமே உள்ள ஒருவர் அங்கே வசதியாகவே இருந்திருப்பார்.

கோளத்தின் மாதிரியைச் சுற்றி வந்தபோது ஒரு விஷயத்தைக் கேள்வியுற்றேன். விண்வெளியில் மனிதனுக்குச் சித்தம் பேதலித்துவிடுமோ என்று வைத்தியர்கள் அஞ்சினார்களாம். ஆகையால் கலத்தைக் கையாற் செலுத்தும் கருவியைப் பூட்டிவைத்து, பூட்டைத் திறக்கும் மூன்று இலக்கங்களை ஓர் உறையில் இட்டு மூடி உள்ளே வைத்தார்கள். உறையைப் பிரித்து இலக்கத்தை வாசிக்க வல்லவன் சித்தசுவாதீனம் உள்ளவன் என்பது அவர்கள் கணக்கு. ஆனால், அவசர வேளையில் உறையைத் தேடி அவன் அந்தரப்படலாமா என்று இரங்கியவர்கள், அந்த இலக்கம் 125 என்பதைப் புறப்படு முன்னரே அவர் காதில் ஓதிவிட்டார்கள். பரீட்சை வினாத்தாளை முன்கூட்டி வெளியிட்ட குற்றத்தை இந்த ஒரு தடவை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

1961 ஏப்பிரல் 12. பூமியை ஒருமுறை சுற்றி இறங்கிய அந்தப் பயணம் 108 நிமிடம். நமது யாழ்தேவி வவுனியாவைத் தாண்டுவதற்கு அதிலும் கூடிய நேரம் எடுக்கும். இறங்கும்போது ஏழு கிலோமீற்றர் உயரத்தில் ககாரின் ஆசனத்தோடு வெளியே வீசப்பட்டு, தனியாகப் பரகூட்டில் இறங்கினார். அவர் கலத்தோடு இறங்கியதாகவே பல ஆண்டுகள் உலகத்துக்குச் சொல்லப்பட்டது. விமானி தன் கலத்திலேயே தரையிறங்க வேண்டும் என்பது சர்வதேச சாதனைக்கு அந்நாளில் விதிக்கப்பட்ட நிபந்தனையாம். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் புகழில் ஓர் இம்மியும் குறைந்திராது. தெரிந்ததை மறைப்பதும் தெரியாததைத் தெரிந்ததுபோற் சொல்லுவதும் ஏறக்குறைய ஒரே இனந்தான் என்று எண்ணினேன். எட்டாந் தரத்துப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

சிறுவர்கள் எல்லாரும் ஒரு கண்ணாடிப் பேழையின் முன்னே கூடி நின்றார்கள். பெல்கா, ஸ்திரெல்கா என்னும் இரு நாய்கள். பாடஞ் செய்து உயிருள்ளவை போலவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1960 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பூமியைச் சுற்றி ஒரு நாளைக்கு மேல் பறந்து உயிரோடு மீண்டவை. இரண்டும் மொஸ்கோத் தெருக்களிற் பிடித்த நாய்கள். பசிக்கும் குளிருக்கும் பழகியவை என்பதனாலேயே தெருநாய்களைத் தேர்ந்தார்களாம். நமது சந்தையடியில் மீன் வியாபாரி கல்லெறிந்து துரத்தும் நாய்களுக்கும் இவற்றுக்கும் உருவத்தில் அதிக பேதமில்லை. ஸ்திரெல்கா பின்னர் ஈன்ற குட்டிகளில் ஒன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வீட்டுக்கு அன்பளிப்பாகப் போயிற்று.

அவற்றுக்கு முன்னே போனது லைக்கா. 1957 நவம்பரில், முதற் செயற்கைச் சந்திரன் ஏவப்பட்டு ஒரு மாதத்துக்குள்ளே, அதை ஏற்றி அனுப்பினார்கள். திரும்பக் கொண்டுவரும் வழி அன்று எவருக்கும் தெரியாது, தெரியாமலே அனுப்பினார்கள். அது பல நாள் உயிரோடிருந்ததாகச் சொல்லப்பட்டு வந்தது. வெப்பந் தாங்காமற் சில மணி நேரத்திலேயே இறந்தது என்ற உண்மை 2002 ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. பேழையின் முன்னே சிரித்துக்கொண்டு நின்ற குழந்தைகளைப் பார்க்க எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

மனிதரும் அவ்வாறே போனார்கள். 1967 ஏப்பிரலில் சொயூஸ் கலத்தின் பரகூட் விரியாமல் கொமரோவ் தரையில் மோதி மாண்டார். 1971 ஜூனில், விண்வெளி நிலையமொன்றில் முதன்முதலாகத் தங்கி வாழ்ந்த மூவர் திரும்பும் வழியில், கலத்தின் காற்றுக் கதவு ஒன்று தவறுதலாகத் திறந்துகொண்டது. கலம் மெத்தென்று இறங்கியது. கதவைத் திறந்து பார்த்தவர்கள் மூவரையும் ஆசனத்திலிருந்தபடியே பிணமாகக் கண்டார்கள். கலத்தில் இடம் போதாதென்று அவர்களுக்குக் காற்றடைத்த உடை கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே ஏறும்போதும் இறங்கும்போதும் அவ்வுடை கட்டாயமாயிற்று. உடைக்கு இடம் வேண்டிப் பல ஆண்டுகள் மூவருக்குப் பதில் இருவரே போனார்கள். காட்சியில் வைத்த அவ்வகை உடைகளை அதுவரை வேடிக்கையாகப் பார்த்து வந்த நான், அதற்குப் பிறகு அப்படிப் பார்க்கவில்லை.

மீர் என்னும் விண்வெளி நிலையத்தின் மாதிரிக்குள்ளே நாமும் நுழைந்து நடக்கலாம். உண்மையான நிலையம் 1986 இல் ஏவப்பட்டு, 2001 மார்ச்சில் பசிபிக் சமுத்திரத்தில் வீழ்த்தப்பட்டது. உணவு மேசை, ஓடிப் பயிலும் பட்டி, ஆள் நுழையும் அளவான படுக்கைக் கூண்டு, கழிப்பிடம் யாவும் உண்டு. கழிப்பிடத்தின் முன்னேதான் சனம் அதிகம். எந்நாட்டு மக்களும் இதில் ஒன்றே.

என் மருமகன் இங்கே வைத்தியனாக மாறிவிட்டான். "மாமா, மிதக்கிறது சுகம் எண்டு நினைக்கிறீங்களோ? எலும்பு மாசத்துக்கு மாசம் கரையும். தசை இளைக்கும். அதுதான் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் தேகப்பயிற்சி" என்றான். வலேரி பொல்யாகோவ் என்னும் வைத்தியர், 1994 ஜனவரி தொடக்கம் 1995 மார்ச் வரை 437 நாட்கள் மீரில் வாழ்ந்தாராம். செவ்வாய்க் கிரகம்வரை போக மனித உடல் தாங்குமா என்பதைத் தம்மையே வைத்துச் சோதித்தார். மீண்டு வந்தபோது, தூக்க வந்தவர்களை விலக்கிவிட்டுத் தம் காலால் எழுந்து சில அடி நடந்து காட்டினார். இதைச் சொன்னபோது மருமகனின் கண்கள் ஒளிர்ந்தன. பனியையும் பாணையும் வெறுத்து, படிப்பைக் கைவிட்டு வந்துவிடுவேன் என்று முதலாண்டில் அக்காவுக்குத் தொலைபேசியில் அழுத பையன் இவன்தானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே மீரில் இருந்த இன்னொருவர் சேர்கேய் கிரிக்கலெவ். 1991 மே மாதத்திற் போனவர், குறித்த காலத்தில் இறங்க முடியாமல் 1992 மார்ச்சிலேதான் இறங்கினார். அதற்கிடையே அவரை அனுப்பிய சோவியத் நாடு இல்லாமற் போய்விட்டது. அவர் பிறந்த லெனின்கிராட் நகரத்துக்கும் வேறு பெயர் வந்துவிட்டது. நாளுக்குப் பதினாறு தடவை பூமியைச் சுற்றிக்கொண்டு, கீழே ஊர் மாறுவதை மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனிதர். 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு நடந்த எங்களுக்கு, அவரைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

அலெக்சி லெயோனோவின் பகுதியில் இன்னுஞ் சிறிது நேரம் நின்றிருக்க வேண்டும். 1965 மார்ச்சில் கலத்தை விட்டு முதன்முதல் வெளியே வந்து 12 நிமிடம் வெறுவெளியில் நின்றவர். உடை ஊதிப் பருத்து, திரும்ப உள்ளே நுழைய முடியாமற் போகவே, உடையினுள்ளிருந்த காற்றைத் தாமே சிறிது சிறிதாக வெளியே விட்டு, உயிரைப் பணயம் வைத்து நுழைந்தார். நல்ல ஓவியருங்கூட. நமது நாட்டில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க் தம் நாவலொன்றில் வரும் விண்கலத்துக்கு இவர் பெயரையே இட்டார். நான் ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகுமுன்னர், 2019 ஒக்டோபர் 11 ஆந் திகதி, அவர் காலமானார் என்ற செய்தியைப் பத்திரிகையிற் படித்தேன்.

வெளியே வந்து வாங்கொன்றில் அமர்ந்தோம். அப்போதுதான் வெட்கத்தை விட்டு அந்த வகுப்பறைக் கதையை மருமகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலின் அடிப்பக்கத்தில் பேனாமுனையால் ஒரு துவாரம் இட்டு, மூடியைக் கழற்றினான். தண்ணீர் பீச்சிட்டது.

"இப்ப பாருங்கோ மாமா" என்று சொல்லி, வாங்கின் மேலேறி நின்று போத்தலைக் கைவிட்டான்.

போத்தல் விழும் அந்தக் கணத்தில் தண்ணீர் பீச்சுவது நின்றுவிட்டது. தரையில் மோதிய பிறகே மறுபடி ஒழுகியது. புவியீர்ப்பு எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, போத்தலை விழுத்தியதே அதுதான். போத்தலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றையொன்று அழுத்தவில்லை, அவ்வளவே. விண்வெளி நிலையமும் அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது. 400 கிலோமீற்றர் உயரத்திலே புவியீர்ப்பு, நிலத்தில் உள்ளதிற் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. ஆனால் நிலையம் செக்கனுக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் வேகத்திற் பக்கவாட்டிலும் ஓடுகிறது. ஒரு செக்கனில் அது விழுவது ஏறக்குறைய ஐந்து மீற்றர். எட்டுக் கிலோமீற்றர் ஓடுவதற்குள் பூமியின் வளைவும் அதே ஐந்து மீற்றர் கீழிறங்கிவிடுகிறது. ஆகவே விழுந்துகொண்டே இருக்கும். நிலம் மட்டும் அதற்கு எட்டாது. உள்ளே இருப்பவர்களும் கூடவே விழுவதால் மிதக்கிறார்கள்.

"சந்திரனும் அப்பிடித்தான் மாமா. விழுந்துகொண்டிருக்கு" என்றான்.

மூன்று ஆண்டு சுமந்த கேள்விக்கு, அரைப் போத்தல் தண்ணீர் செலவில் விடை கிடைத்தது. நடைபாதை நனைந்ததைக் கண்ட முதிய பெண்மணி ஒருவர் ருஷ்ய மொழியில் எங்களை நன்றாக ஏசிவிட்டுப் போனார். மருமகன் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

நான் நூதனசாலைக் கடைக்குத் திரும்பிப் போய் ஒரு படத் தபாலட்டை வாங்கினேன். பெல்காவும் ஸ்திரெல்காவும் உள்ள அட்டை.

புரட்டாதியிற் பாடசாலை தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தப் பையனைத் தேடினேன். பதினோராந் தரத்தில் இருந்தான், மீசை அரும்பியிருந்தது, டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை. மண்டபத்து விறாந்தையில் அவனை நிறுத்தி, எட்டாந் தரத்தில் நீ கேட்ட கேள்வி சரி, நான் சொன்னதுதான் பிழை என்று சொன்னேன். போத்தலும் கையோடு கொண்டு போயிருந்தேன்.

அவன் கூச்சத்தோடு சிரித்தான். "அது அப்பவே விளங்கிற்றுது சேர். அடுத்த நாள் விஞ்ஞான சேரிட்டைக் கேட்டனான்" என்றான்.

போத்தலை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டு, தபாலட்டையை நீட்டினேன். இரு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"இந்த நாயள் திரும்பி வந்ததோ சேர்?"

"வந்தது."

"இதுகளுக்கு முதல் ஏதும் போனதோ?"

மணி அடித்தது. அடுத்த பாடம் எனக்கு ஓய்வு. அவனுடைய ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, விறாந்தைக் கட்டில் அவனைப் பக்கத்தில் இருத்தி, லைக்காவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.